அந்தப் பொட்டை வைத்தது நான், அண்ணி

என் பிரியமுள்ள எஸ்தர் அண்ணிக்கு,

சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன வாரம் வியாழக்கிழமை உங்கள் தம்பி பொண்டாட்டி மைக் பிடித்துப் பேசினாள். திருவள்ளூரில், ஏசி போட்ட மண்டபத்தில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெரிய ஆட்களுக்கு முன்னால். மேடைக்குப் பின்னால் 'உலக வறுமையைக் குறைப்பதில் நானோ தொழில்நுட்பத்தின் பங்கு' என்று கொட்டை எழுத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். பேசுகிறவர்கள் பட்டியலில் கடைசியாக என் பெயர்: மஞ்சுளா டேனியல், குடிநீர் நிலையப் பராமரிப்பாளர், கும்மிடிப்பூண்டி. அந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உங்களை முன்னே பின்னே பார்த்திராதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் திரும்பச் சொல்வேன். பொறுமை இல்லாத ஆள் நீங்கள், இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் என்றாலே ஊரில் எல்லாரும் பயமுறுத்துவார்கள். நானோ வேறு சாதி, வேறு சாமி; டேனியலைக் கட்டிக்கொண்டு செவ்வாப்பேட்டையிலிருந்து வந்தவள். வந்த முதல் வாரம் நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாமி கும்புடறதுக்கு எடம் வேணுமா? அந்த அலமாரில மேல் தட்டு காலியா கீது, வச்சிக்கோ" என்றீர்கள். அவ்வளவுதான் நம் மதப் பேச்சுவார்த்தை. வீட்டுக்காரரை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் பக்கத்து வீட்டில் இருந்த உங்களை நான் நாத்தனாராகப் பார்த்ததே இல்லை. சண்டை போட்டிருக்கிறேன், அது வேறு.

அப்போது நமக்கிருந்த பெரிய பேஜாரு தண்ணீர்தான். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து காலனியில் போர் போட்டால் தண்ணீர் வரும், குடிக்க முடியாது. பிடித்து வைத்த அரை மணியில் மஞ்சளாக மாறும். சோறு வடித்தால் சோறும் மஞ்சள். இரும்பு மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியாத விஷ உலோகமும் இருக்கிறது என்று பரிசோதித்தவர்கள் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். லாரித் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. அந்த லாரியும், நம்மை ஏற்றிப் போக வேண்டிய கம்பெனி பஸ்ஸும் காலை ஆறரைக்கு ஒரே சமயத்தில் வரும்.

குடமா, பஸ்ஸா? இதுதான் நம் தெருப் பெண்களுக்கு தினமும் பரீட்சை. குடத்தைப் பிடித்தால் பஸ் போய்விடும். மூன்று நாள் பஸ்ஸை விட்டால் கான்ட்ராக்டர் நான்காம் நாள் பெயரை அடித்துவிடுவான். அப்படித்தான் எனக்கு இரண்டு கம்பெனி வேலை போனது. ஏழைகள் சோம்பேறிகள் என்று சொல்கிறவர்களை ஒரே ஒரு காலை அந்த வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் செய்ததை ஒரு தொண்டு அமைப்பு கொண்டுவந்து, போர் பக்கத்தில் ஷெட் போட்டு வைத்தது. பார்க்க பீரோவில் பாதி உயரம். உள்ளே கேழ்வரகு அளவில் பழுப்பு நிற மணிகள். கரண்ட் தேவையில்லை. மேலே ஊற்றினால் கீழே கண்ணாடி மாதிரி தண்ணீர். பராமரிக்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றார்கள். நீங்கள் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், "நாங்க ரெண்டு பேரும் செய்யறோம்" என்று நின்றீர்கள்.

பயிற்சி கொடுக்க வந்த தீபா மேடம் 'நானோ' என்ற சொல்லை விளக்க ரொம்பப் பாடுபட்டார். ஒரு தலைமுடியின் கனத்தைப் பல்லாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு எவ்வளவோ, அந்த அளவுத் துகள்களைச் சேர்த்துத்தான் ஒவ்வொரு மணியும் செய்திருக்கிறது என்றார். எல்லாரும் தலையாட்டினோம், ஒருவருக்கும் புரியவில்லை. அன்று சாயங்காலம் தெருப் பெண்களைக் கூப்பிட்டு நீங்கள் வகுப்பு எடுத்தீர்கள்.

"வெல்லக் கட்டி ஒண்ண முழுசா வச்சா எத்தினி எறும்பு மொய்க்கும்? அதே கட்டிய நுணுக்கித் தூவிட்டா எத்தினி வரும்? அத்தாண்டி நானோ. வெல்லம் அதே வெல்லம்தான். விஷம் வந்து ஒட்டிக்கினு நிக்க எடம் அதிகம்."

தீபா மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இன்றைக்கும் எந்த ஊரில் பயிற்சி கொடுத்தாலும் அந்த வெல்லக் கட்டியைத்தான் சொல்கிறாராம்.

பெட்டி வந்து ஐந்து மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ரோலிங் மில்லில் டேனியலுக்கு விரல் இரண்டு நசுங்கி, அவர் வீட்டோடு இருந்தார். என் ஒரு சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிற பெட்டிக்குப் பூஜை போட வேண்டாமா? என் அப்பா செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பூஜைக்கு முதல் நாள் கடையில் இருக்கிற பித்தளை பம்பைப் புளி போட்டு என் அம்மா தேய்ப்பாள். தங்கம் மாதிரி மின்னும். சோறு போடுகிற சாமானைத் துலக்காமல் பொட்டு வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

நீங்கள் அன்று கல்யாண வீட்டுக்கு அத்திப்பட்டு போயிருந்தீர்கள். நான் பெட்டியைத் திறந்தேன். மணிகள் பழுப்பாக, துருப்பிடித்த மாதிரி இருந்தன. ஐந்து மாத அழுக்கு என்று நினைத்தேன். அந்தப் பழுப்பே அதன் உயிர் என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்டாவில் புளியைக் கரைத்து, மணிகளை அதில் கொட்டி ஊறவைத்தேன். மத்தியானம் கை வைத்துப் பிசைந்து கழுவினேன். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓட ஓட, எவ்வளவு அழுக்கு போகிறது பார் என்று பெருமையாக இருந்தது. மிச்சத்தைத் திரும்பக் கொட்டி மூடி, பெட்டி நெற்றியில் சந்தனம் தடவி, நட்ட நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் குழாயில் செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. பிறகு தெளிந்தது. ஆனால் நாம் வாராவாரம் செய்கிற குப்பிப் பரிசோதனையில், விஷம் இருந்தால் காட்டுகிற நிறம் அப்படியே ஏறியது. விஷம் அப்படியே இறங்குகிறது. நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். பாதி மணிகளைக் காணோம், மிச்சம் கூழாகிக் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"இன்னாடி செஞ்ச?"

சொன்னேன். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். திட்டப் போகிறீர்கள் என்று காத்திருந்தேன். நீங்களோ எழுந்து, "ஒருத்தருக்கும் குடுக்காத. கொழாய மூடு. போன் போடறேன்" என்றீர்கள்.

அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். தெருவே ஷெட் முன்னால் கூடியிருந்தது. "யாரு திறந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள்.

"நான்தான் சார். தெரியாம கழுவிட்டேன்."

அவர் பெட்டியில் இருந்த பொட்டைப் பார்த்தார். உங்கள் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்தார். "இந்தப் பொட்டு யாரு வெச்சது?"

"அதுவும் நான்தான் சார்."

கூட்டம் சிரித்தது. சர்ச்சுக்கு முதல் ஆளாகப் போகிற எஸ்தர் குங்குமப் பொட்டு வைத்தாளாம்! அந்தச் சிரிப்பில் அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எதனால் கழுவினாய், ஏன் கழுவினாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. 'பராமரிப்பாளரின் அலட்சியம்' என்று ஒரு வரி எழுதிக்கொண்டு, உங்களை வேலையிலிருந்து நீக்கி, பெட்டிக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போனார். சாவி என்னிடம் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் காலைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"எனுக்கு ஒரு வவுறு. ஒனுக்கு நாலு. கம்முனு போய் சோத்த ஆக்கு."

அந்த நாலு வயிறு நான், என் இரண்டு பிள்ளைகள், உங்கள் தம்பி. அவரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். புது மணிகள் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் தெரு மறுபடியும் லாரிக்கு ஓடியது, மறுபடியும் பஸ்ஸை விட்டது. வரிசையில் நின்றவர்கள் உங்களைத் 'தண்ணியக் கெடுத்தவ' என்று உங்கள் காதுபடவே சொன்னார்கள். நான் பக்கத்தில் குடத்தோடு நின்றேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு முகம் எரிகிறது.

நீங்கள் சிப்காட்டில் ஒரு கேன்டீனில் தட்டு கழுவப் போனீர்கள். கை வெந்து போய் வருவீர்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்ல வேலடி. எவ்ளோ தேச்சாலும் எதுவும் கரையாது" என்று சிரிப்பீர்கள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை நீங்கள் எடுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் மட்டும், முதல் வாய் வைத்ததும் என்னைப் பார்த்து, "கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலா கீது" என்பீர்கள். டேனியலுக்கு ஒன்றும் புரியாது. "நல்லாதானேக்கா கீது" என்பார். நாம் இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்போம்.

போன கார்த்திகையில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. உங்கள் சவப்பெட்டி மேல் மண் தள்ளியபோது என் கையில் ஷெட் சாவி இருந்தது. வேலை நேரத்தில் அப்படியே ஓடி வந்திருந்தேன். அந்தச் சாவி உங்களுடையது என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏன் கத்தவில்லை? சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் நிஜம்.

இப்போது தெருவில் எப்படி இருக்கிறது தெரியுமா, அண்ணி? லாரி வருவதே இல்லை. காலையில் ஷெட்டைத் திறந்தால் பத்து நிமிடத்தில் எல்லாரும் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் தெருவிலிருந்து மட்டும் ஒன்பது பெண்கள் அந்த ஆறரை பஸ்ஸில் ஏறுகிறார்கள். சாவகாசமாகத் தலைவாரி, டிபன் டப்பா எடுத்துக்கொண்டு. ஒருத்தி லைன் லீடர் ஆகிவிட்டாள். பெட்டி எங்களைப் பணக்காரர் ஆக்கவில்லை. கான்ட்ராக்டர் அதே கான்ட்ராக்டர்தான். ஆனால் குடமா பஸ்ஸா என்ற கேள்வி போய்விட்டது. பேனரில் போட்ட வறுமைக் குறைப்பு என்பது நம் தெருவில் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன விஷயமும் இல்லை.

இதைச் சொல்லத்தான் மேடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம். தீபா மேடம் எழுதிக்கொடுத்த தாள் கையில் இருந்தது. எனக்கு முன்னால் பேசியவர், சில கிராமங்களில் பெட்டிகள் பாதியில் செத்துப்போவதாகச் சொன்னார். காரணம் என்ன என்று திரையில் போட்டார். 'பராமரிப்பாளர்களின் அலட்சியம்.'

அதே வரி, அண்ணி. மைக்குக்கு வந்தேன். தாளை மடித்து ரவிக்கையில் செருகினேன்.

"எங்க பெட்டியும் ஒரு தபா செத்துச்சி சார். எஸ்தர்னு எங்க நாத்தனார் அலட்சியத்தால செத்துச்சின்னு எழுதி வச்சிக்கினு கீறீங்க. அவுங்க தொடவே இல்ல. நான்தான் புளி போட்டுக் கழுவனேன். அலட்சியத்துல கழுவல சார், பக்தில கழுவனேன்."

ஆயுத பூஜையிலிருந்து பொட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிடம் தாண்டியும் யாரும் மணி அடிக்கவில்லை. முடித்துவிட்டு ஷெட் சாவியை எடுத்து மேடை மேஜை மேல் வைத்தேன். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது நடு வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். வங்காளப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், அங்கே இதே மாதிரிப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். பக்கத்திலிருந்த பெண் அவர் பேச்சைத் தமிழில் சொன்னாள். "எங்கள் ஊரிலும் மிஷினுக்குப் பூஜை உண்டு. நாங்களும் பித்தளைக்குப் புளிதான் போடுவோம். எங்கள் பெட்டி செத்ததும் பூஜை முடிந்த வாரம்தான். என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை."

அந்த அம்மா அழுதார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கட்டிக்கொண்டேன்.

தீபா மேடம் சாவியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மணிகளில் துகள்களைப் பிடித்து வைத்திருக்கிற பசை புளிப்புப் பட்டால் கரைந்துவிடும் என்றார். பழுப்பு அழுக்கு இல்லை, புளிப்பு ஆகாது என்று பயிற்சியில் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு சாவியை என் கையில் திணித்து, "உங்க அண்ணி முழுப் பேர் சொல்லுங்க. அந்த வரிய மாத்தணும்" என்றார். எஸ்தர் மாணிக்கம் என்று சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

மேடையில் சொன்னது சுலபம். வீட்டில் சொன்னதுதான் கஷ்டம். உங்கள் தம்பி முழுதும் கேட்டுவிட்டு, "எங்க அக்காவ தெருவே ஏசிச்சே. நீ பாத்துக்கினு நின்னியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. டீக்கடையில் நாஷ்டா, மில் கேன்டீனில் சாப்பாடு. நான் கெஞ்சவில்லை. எதைச் சொல்லிக் கெஞ்சுவேன்? தெருவில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். சிலர் என்னைத் திட்டினார்கள். வரிசையில் உங்களை அதிகம் ஏசிய கோட்டம்மா வாசலிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். டேனியல் வந்து தானாகவே தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பரிமாறினேன். ஒரு வாய் வைத்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலா கீது."

இத்தனை வருஷமாக நாம் ஏன் சிரித்தோம் என்று அவருக்கு இப்போதுதான் புரிந்திருந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நான் அழுதேன். அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம், அண்ணி. உண்மையிலேயே புளி அதிகம்தான்.

நேற்று தீபா மேடம் புது அட்டை அனுப்பியிருக்கிறார். புளியம்பழம் படம் போட்டு, மேலே சிவப்பில் குறுக்குக் கோடு. எல்லா ஊர்ப் பெட்டிக்கும் போகப்போகிறதாம். நான் இன்னொன்றும் கேட்டேன். துலக்காதே என்று சொன்னால் எங்கள் கை சும்மா இருக்காது, துலக்க ஏதாவது கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் செய்துவிட்டார். பெட்டிக்கு வெளியே மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு பித்தளைத் தகடு வந்திருக்கிறது. உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. நீங்கள் எனக்குக் கொடுத்தது வேலை மட்டும் இல்லை. உங்கள் நல்ல பெயரையே கழற்றி எனக்குப் போர்த்திவிட்டுப் போனீர்கள். அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தைகூட உயிரோடு இருக்கும்போது சொல்ல விடவில்லை. இப்போது தடுக்க முடியாதே, சொல்கிறேன். நன்றி, அண்ணி.

வாக்குக் கொடுக்கிறேன். அந்தத் தகட்டை முகம் தெரிகிற அளவு துலக்குவேன். தெருவையே கூப்பிட்டு நிற்கவைத்துச் சந்தனம் தடவிப் பொட்டு வைப்பேன். இது யார் வைத்தது என்று யாராவது கேட்டால், இந்த முறை உங்களுக்கு முந்தி நான் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பொண்டாட்டி
மஞ்சு